புழுவுக்குப் பட்ட கடன்

நோய் பிடித்த புழு மேலே ஏறும். 2021ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்பொஞ்சி அந்துப்பூச்சியின் புழுக்கள் ஒன்ராறியோவில் ஏறத்தாழ 18 இலட்சம் எக்டேயர் காட்டை இலையின்றி ஆக்கியபோது, மார்க்கத்தில் இருக்கும் எமக்கும் இதைப் பார்க்கக் கிடைத்தது. ரூஜ் ஆற்றோரம் ஓக் மரங்களின் கீழே நின்றால் மழை தூறுவதுபோல ஒரு சத்தம். மழையல்ல, புழுக்களின் எச்சம் விழுகின்ற சத்தம். பின்னர் அந்தச் சத்தம் குறைந்தது. மரங்களில் புழுக்கள் செத்துத் தொங்கின. சில நேர்க்கோடாகத் தொங்கின. அவற்றைக் கொன்றது ஒரு பங்கசு. மற்றவை உடலின் நடுப்பகுதியால் பற்றிக்கொண்டு இரு முனையும் கீழே சரிய, கூரை முகடுபோலத் தொங்கின. அவற்றைக் கொன்றது வைரசு.

இந்த வைரசு கொல்கின்ற முறை விசித்திரமானது. வளர்ந்த புழு பகலில் பறவைகளுக்குப் பயந்து மரப்பட்டை இடுக்குகளில் ஒளிந்துகொள்ளும். இரவில் ஏறி இலை தின்னும். வைரசு தொற்றிய புழுவோ இறங்குவதில்லை. உச்சிக் கொப்பிலேயே கிடந்து செத்து, உடல் முழுதும் கூழாகக் கரைந்து, கீழுள்ள இலைகளில் சொட்டும். அந்தச் சொட்டில் கோடிக்கணக்கான வைரசுகள். அந்த இலையை அடுத்த புழு தின்னும். ஜேர்மன் வனத்துறையினர் இதற்கு 'உச்சிநோய்' என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். இந்த ஏற்றத்துக்குப் பின்னால் இருப்பது வைரசிலுள்ள ஒரேயொரு பரம்பரையலகு என்று 2011இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. புழு தோலுரிப்பதற்கான ஓமோனை அது செயலிழக்கச் செய்கிறது. தோலுரிக்கும் வேளை வந்தால் புழு தின்பதை நிறுத்திவிட்டு இறங்க வேண்டும். அந்த வேளை வராமலே போய்விடுகிறது. புழு தின்றுகொண்டே இருக்கிறது, தன்னைக் கொல்பவனின் வேலையைச் செய்வதற்காக.

புழுவைக் கருவியாக்கிய இந்த வைரசை மனிதன் தனக்குக் கருவியாக்கியிருக்கிறான். அதைப்பற்றியும், அதிலிருந்து எழுகின்ற ஒரு கடனைப்பற்றியுமே நாம் இங்கு எழுத முற்படுகிறோம். பாதியில் நின்றுபோன விலங்கியல் படிப்பின் மிச்சமும், சமையலறையில் நடந்த ஒரு வாக்குவாதமும்தான் எமது மூலதனம். விஞ்ஞானம் தெரிந்தவர்கள் பொறுத்தருள்க.

பக்கியூலோ வைரசு என்பது இதன் குடும்பப் பெயர். இலத்தீனில் தடி என்று பொருள், உருவம் அப்படி. வட்டமான ஒரு டி.என்.ஏ., அதில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துக்கள். வைரசு உலகில் இது பெரியதுதான். வெயிலிலும் மழையிலும் அழியாதிருக்கத் தன்னைச் சுற்றி ஒரு புரதப் பளிங்கைக் கட்டிக்கொள்ளும். புழுவின் குடலிலுள்ள காரத்தில் பளிங்கு கரைய, உள்ளிருக்கும் வைரசு வெளியே வரும். அந்தப் பளிங்குக்கான புரதத்தை, தொற்றிய கலத்தைக்கொண்டு அளவுகணக்கின்றிச் செய்விக்கும். இந்த அளவுகணக்கற்ற உற்பத்தியில்தான் மனிதனின் கண் விழுந்தது.

அதற்கு முன்னரே, கொல்வதற்கு இதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். 1930களில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பூச்சி கியூபெக், நியூபிறன்ஸ்விக் ஸ்புரூஸ் காடுகளைத் தின்றது. அதை ஒழிக்க அதன்மேல் ஒட்டுண்ணியாக வாழும் குளவிகளை ஐரோப்பாவிலிருந்து தருவித்தார்கள். அவற்றோடு ஒரு வைரசும் எவர் கண்ணிலும் படாமல் கப்பலேறி வந்துவிட்டது. (கனடாவுக்குள் பத்திரமில்லாமல் வந்து நாட்டுக்கு நன்மை செய்தவர்களின் பட்டியலை யாரேனும் எழுதினால் இதை மறக்கக்கூடாது.) 1940களின் நடுப்பகுதிக்குள் பூச்சி அடங்கிவிட்டது. சூ சென் மரீயில் பூச்சிகளின் நோய்களை ஆராயவென்றே ஒரு ஆய்வுகூடத்தைக் கனடா அரசு திறந்தது.

தமிழ்நாட்டிலும் பருத்திக் காயையும் கடலையையும் துளைக்கும் காய்ப்புழுவுக்கு எதிராக இவ்வகை வைரசைத் தெளிக்கிறார்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதை விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. முறை எளியது. புழுக்களைப் பிடித்து வளர்த்து, வைரசு தடவிய தீனி கொடுத்து, செத்தபின் அரைத்து வடிகட்டித் தண்ணீரில் கலந்து, வெல்லமும் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டும். இதற்கு ஓர் அளவை உண்டு. நோய்கண்டு செத்த ஒரு புழுவிலிருந்து கிடைக்கும் வைரசு ஓர் அலகு; கிட்டத்தட்ட 600 கோடி பளிங்குகள். ஏக்கருக்கு இத்தகைய 100 புழு என்பார்கள். லீற்றர், கிராம், புழு. மரணத்தையே படியாக வைத்து அளக்கும் வேறு அளவை எமக்குத் தெரியவில்லை.

கொல்லும் கருவி ஆக்கும் கருவியாக மாறியது 1983இல். அமெரிக்காவின் ரெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஸ்மித், பிரேசர், சமர்ஸ் ஆகிய மூவரும் வைரசின் பளிங்குப் பரம்பரையலகை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மனிதனின் இன்ரபெரோன் என்ற புரதத்துக்கான அலகைப் பொருத்தினார்கள். கண்ணாடிக் குடுவையில் வெயிலுமில்லை மழையுமில்லை. ஆகவே பளிங்கு தேவையில்லை. வைரசு வழமைபோலக் கலத்துக்குள் புகுந்து வழமைபோல அதை வேலை வாங்கியது. வெளியே வந்ததோ மனிதப் புரதம். இரண்டு ஆண்டுகளில் ஜப்பானின் மயேதா உயிருள்ள பட்டுப்புழுவிலேயே இன்ரபெரோனை விளைவித்துக் காட்டினார். பட்டு வளர்ப்பவனின் தட்டுக்களை நூற்றாண்டுகளாக அழித்துவந்த நோய் அது.

இன்று இந்த வழியால் வந்த மருந்துகள் பல. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான சேர்வாரிக்ஸ் தடுப்பூசி (ஐரோப்பாவில் 2007), முட்டையைத் தொடாத இன்புளுவென்சாத் தடுப்பூசி (அமெரிக்காவில் 2013, கனடாவில் 2021), நோவவக்ஸ் நிறுவனத்தின் கொரோனாத் தடுப்பூசி. இந்தக் கடைசியில்தான் எமது வாக்குவாதம் தொடங்கியது.

2022 பெப்ரவரியில் அதற்குக் கனடா அனுமதி வழங்கியது. நாம் வேலை செய்யும் கடையில் மரக்கறி வெட்டும் அக்கா ஒருவர், சுத்த சைவம், இறைச்சி வெட்டும் பக்கத்துப் பலகையைக்கூடத் தொடமாட்டார். அவர் கேட்டார்: "தம்பி, உது பூச்சியிலை செய்யிற ஊசியாமே. நான் போடலாமோ?" அடுப்படியில் நின்ற அண்ணை சிரித்தார்: "மாக்குள்ளை எத்தினை வண்டு அரைபட்டு வருது, அதை நீங்கள் கேக்கேல்லையே அக்கா." அக்கா விடவில்லை. "தெரியாமல் தின்னுறது வேறை, தெரிஞ்சு போடுறது வேறை."

அக்காவின் இந்த வாக்கியம் சிரித்துத் தள்ளக்கூடியதன்று. அறம் என்பது தெரிந்தபின் என்ன செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. ஆகவே அவருக்குப் பதில் சொல்வதற்காகவே நாம் தேடத் தொடங்கினோம்.

அந்தத் தடுப்பூசி வளர்கின்ற கலங்கள் ஒரு அந்துப்பூச்சியினுடையவை. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் மேரிலாந்து ஆய்வுகூடத்தில் கூட்டுப்புழுக்களின் சூலகத்திலிருந்து எடுத்து வளர்த்த கலங்களைப்பற்றி 1977இல் அறிவித்தார்கள். அதிலிருந்து பிரித்த ஒரு கிளை இன்று உலகெங்கும் ஆய்வுகூடங்களில் இருக்கிறது. எமது அறை வெப்பநிலையைவிடச் சற்றே கூடிய 27, 28 பாகையில், பெரிய உபசாரம் எதுவுமின்றிப் பெருகும். பூச்சி செத்து ஐம்பது ஆண்டு கழிந்தும் அதன் கலங்கள் சாகவில்லை.

எந்தப் பூச்சி? படைப்புழுவின் தாய். ஈழத்தில் 'சேனா' என்ற பெயரில் 2018இன் கடைசியில் வந்து அம்பாறையிலும் அனுராதபுரத்திலும் சோளத்தை அழித்த அதே புழு. அதே ஆண்டு தமிழ்நாட்டிலும் சோளக்காரர் அழுதார்கள். ஊரில் மருந்தடித்து, மண்ணெண்ணெய் ஊற்றி, விரலால் நசுக்கி ஒழிக்க முயன்ற ஒரு பிராணியின் சூலகத்திலிருந்துதான் இங்கே எமது தோளில் ஏறிய மருந்து வந்தது என்று அக்காவுக்குச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இப்போது கொல்லாமைக்கு வருவோம். திருக்குறளில் புலால் மறுத்தல் அதிகாரத்தில் ஒரு கறாரான பொருளாதார வாதம் இருக்கிறது: தின்பதற்காகக் கொல்பவர் இல்லையென்றால் விற்பதற்கும் ஆளிருக்கமாட்டார்கள் என்பது அதன் சாரம். 'நான் கொல்லவில்லை, வாங்கித் தின்கிறேன்' என்று தப்பப் பார்ப்பவனின் வாயை இது அடைத்துவிடும். எமது சமையலறையில் ஒவ்வொரு நாளும் இறங்கும் கோழிப் பெட்டிகளைப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் உயிரோடிருப்பது தெரியும். ஆனால் இந்தக் கலங்களுக்கு அது பொருந்துமா? நாம் ஒரு ஊசி கூடுதலாகப் போட்டால் இன்னுமொரு அந்துப்பூச்சி சாகப்போவதில்லை. சாக வேண்டியவை அப்போதே செத்துவிட்டன. வாங்குபவனுக்கும் கொலைக்கும் இடையிலிருந்த கயிறு இங்கே அறுந்திருக்கிறது.

சாவது பூச்சியல்ல, கலங்கள். உருக்குத் தொட்டியில் கோடானுகோடி கலங்கள் வைரசு தொற்றிச் சாகின்றன. அவற்றை உயிர் என்பதா? தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவினால் தரம் பிரிக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவு, சிதலும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு. குடுவையில் மிதக்கும் கலத்துக்கு வாயில்லை, மூக்கில்லை. தொடு உணர்வென்று சொல்லக்கூடிய ஒன்றும் இல்லை. புல்லுக்கும் கீழே அதற்கென ஒரு படியைத் தொல்காப்பியர் வைக்கவில்லை. வைக்கத் தேவையும் இருக்கவில்லை. உடலே இல்லாமல் ஐம்பது ஆண்டு வாழும் ஒரு பிராணியின் துண்டை எந்த மரபும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆயினும் துன்பப்பட ஓர் ஆள் அங்கே இல்லையென்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கத்திலும் ஸ்காபரோவிலும் சனிக்கிழமை தவறாமல் கலியாணம். கூறையில்லாமல் கலியாணமில்லை. ஒரு கூறைக்காக ஆயிரக்கணக்கான கூட்டுப்புழுக்கள் வெந்நீரில் உயிரோடு வேகின்றன. ஒவ்வொரு புதுக் கூறைக்கும் புதிதாக வேகின்றன. சைவ விருந்துக்குப் பட்டுடுத்திப் போகும் எவரும் இந்தக் கேள்வியை எழுப்பி நாம் கேட்டதில்லை. ஆகவே அக்காவுக்கு நாம் சொன்ன பதில்: கூறை உடுத்தலாம் என்றால் இந்த ஊசி தாராளமாகப் போடலாம். கூறையும் கூடாதென்றாலும் இதைப் போடலாம். (அக்கா ஏற்கெனவே வேறு நிறுவனத்தின் இரண்டு ஊசியும் போட்டு முடித்திருந்தார். கேள்வி கொள்கைக்காகத்தான் கேட்கப்பட்டது. அதனால்தான் எமக்கு அவர்மேல் மதிப்பு.)

பூச்சியின் பக்கமிருந்து வரும் ஆட்சேபத்தை இப்படித் தாண்டிவிடலாம். ஆனால் தாண்டியபின்னும் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. எடுத்தது தவறில்லை என்பதால் எடுத்தது இல்லையென்றாகிவிடாது. வாங்கியிருக்கிறோம். சிவபுராணம் பாடுகின்றவர்கள் தாம் புழுவாகவும் பிறந்து வந்ததாகத் தினமும் சொல்லிக்கொள்கிறார்கள். உறவென்று சொல்லிக்கொள்பவரிடம் வாங்கினால் அது கடன். கடன் கொடுத்தவனோ கடனென்பதே அறியாத ஒரு கூட்டுப்புழு. அதற்கு எதைத் திருப்பிக் கொடுப்பது?

இவ்விடத்தில் எமது பழக்கமொன்று வழி காட்டுகிறது. செத்தவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்; பிதிர்க்கடன் என்கிறோம். செத்தவருக்கு நேரே எதையும் கொடுக்க முடியாது. ஆகவே திதியன்று என்ன செய்கிறோம்? ஆட்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறோம். அண்மைக்காலத்தில் செஞ்சோலைக்கோ முதியோர் இல்லத்துக்கோ ஒருநாள் சாப்பாட்டுக் காசு அனுப்புகிறார்கள். கொடுத்தவனிடம் திரும்ப முடியாத கடன் பக்கவாட்டில், உயிரோடிருப்பவர்களுக்குக் கொடுபடுகிறது. இது எமது மக்கள் கண்டுபிடித்த மிகப் புத்திசாலித்தனமான கணக்கு என்பது எம் அபிப்பிராயம். புழுவின் கடனுக்கும் இதுதான் வழியென்றால், புழுவிலிருந்து வந்த மருந்து ஆருக்குப் போய்ச் சேர்கிறது என்பதே அறக்கேள்வியாகிறது. அது எந்தப் பிராணியில் விளைந்தது என்ற கேள்வி இதற்குப் பின்னால்தான் வரும்.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போனால் கனடாவிலேயே ஒரு கதை காத்திருக்கிறது.

கியூபெக்கின் சாகுனே பிரதேசத்தில் ஓர் அபூர்வ நோய் உண்டு. குருதியிலுள்ள கொழுப்பைக் கரைக்கின்ற ஒரு நொதியம் பிறப்பிலேயே வேலை செய்யாது. குருதி பால்போல வெளுத்துவிடும். கணையம் அழற்சியடைந்து தாங்கமுடியாத வயிற்றுவலி; சிலவேளை சாவு. உலகில் பத்து இலட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வரும் நோய் அங்கே பல மடங்கு அதிகம். காரணம், 17ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து பெயர்ந்து வந்த ஒரு சிறு கூட்டத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமக்குள்ளேயே பெருகியதுதான். கப்பலில் வந்தவர்கள் தம்மையறியாமல் கொண்டுவந்த சாமான் அது. சொந்தத்துக்குள் கலியாணம் செய்யும் எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த நோயாளி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 கிராம் கொழுப்புக்கு மேல் சாப்பிடக்கூடாது. எமது கடைத் தட்டிலுள்ள மூன்று வடையோடு அந்த நாள் முடிந்துவிடும்.

வன்கூவர் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் மைக்கல் ஹேடனும் அவரோடு வேலை செய்த அம்ஸ்ரர்டாம் வைத்தியர் ஜோன் கஸ்ரலைனும் இந்த நொதியத்துக்கான நல்ல பரம்பரையலகை நோயாளியின் தசைக்குள் அனுப்ப ஒரு வழி தேடினார்கள். அனுப்புவதற்கு ஒரு வாகனம் வேண்டும். பக்கியூலோ வைரசே மனித ஈரல் கலங்களுக்குள் புகக்கூடியதென்றும், புகுந்தாலும் அங்கே பெருகமாட்டாதென்றும் 1995இல் கண்டிருந்தார்கள். ஆனால் எமது குருதி அதை விரைவில் அழித்துவிடும். ஆகவே அவர்கள் தேர்ந்தது வேறொரு சின்னஞ்சிறு வைரசு. அதன் சொந்த அலகுகளையெல்லாம் எடுத்துவிட்டு, வெறும் கூட்டுக்குள் மனித அலகை ஏற்றி அனுப்புவது. (இதை விளங்கப்படுத்தியபோது அடுப்படி அண்ணை சொன்னது: "தன்ரை சாமான் எல்லாத்தையும் விட்டிட்டு மற்றவன்ரை சாமானைக் காவுறதோ? அது நாங்கள்தானேடா தம்பி.")

சிக்கல் உற்பத்தியில் வந்தது. ஒரு நோயாளிக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு இலட்சம் கோடி வாகனங்கள் வேண்டும். மனிதக் கலங்களில் வளர்த்து இது கட்டாது. 2002இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தில் கொற்றின் என்பவரின் குழு, இந்த வாகனங்களைப் பூச்சிக் கலத்தில் பக்கியூலோ வைரசைக்கொண்டு செய்விக்கலாமென்று காட்டியது. அம்ஸ்ரர்டாம் நிறுவனமும் அந்த வழிக்கு மாறியது. படைப்புழுவின் கலமும் புழுக்கொல்லி வைரசும் சேர்ந்து சாகுனே நோயாளிக்கு மருந்து செய்தன. கிளைபெரா என்று பெயர். மூன்று ஆய்வுகளில் 27 பேர் தம் கால்களைக் கொடுத்தார்கள்; பெரும்பாலோர் கியூபெக்கினர். ஒரே நாளில் பல டசின் ஊசிகள். ஆனால் அந்த ஒரு நாளோடு சரி. 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி வழங்கியது. மேற்குலகில் விற்பனைக்கு அனுமதி பெற்ற முதலாவது பரம்பரையலகு மருந்து அதுவே.

விலை பத்து இலட்சம் யூரோவுக்கு மேல். விலை கொடுத்து வாங்கப்பட்டது ஒரேயொரு தடவை. 2015இல் பேர்லினில் ஒரு நோயாளிக்காக, அவருடைய காப்புறுதி கொடுத்தது. 2017இல் நிறுவனம் அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது. கனடாவில் அது விற்பனைக்கு வரவேயில்லை. யாருடைய குருதியில் பரீட்சிக்கப்பட்டதோ அவர்களுடைய ஊரில் கிடைக்கவில்லை.

நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வாங்கக்கூடியவர்கள் உலகம் முழுவதிலும் சில நூறு பேர். பரிசோதனைகளுக்கும் தொழிற்சாலைக்கும் கொட்டிய காசு ஏராளம். சிலருக்குப் பலன் எவ்வளவு காலம் நின்றது என்பதிலும் நிபுணரிடையே வாதம் இருந்தது. கடை நடத்துகிறவன் கைநட்டப்பட்டுச் சமைக்கமாட்டான். இதை எமக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் கடையில் விலை போடும் முறையும் எமக்குத் தெரியும். அரிசி, எண்ணெய், வாடகை, கூலி, மேலே இலாபம். பிரியாணியின் விலையை வந்தவனின் பசியைப் பார்த்துப் போடுவதில்லை. இந்த மருந்துகளின் விலையோ பசியைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. 2022இல் குருதி உறையா நோயொன்றுக்கு ஹெம்ஜெனிக்ஸ் என்ற மருந்து அமெரிக்காவில் வந்தது. அதுவும் பூச்சிக் கலத்தில் விளைந்ததுதான். விலை 35 இலட்சம் டொலர். நியாயம் என்ன? நோயாளி ஆயுள் முழுதும் மற்ற மருந்துக்குச் செலவழிக்கும் தொகை இதைவிடக் கூடவாம். வலியின் விலையைக் கணக்கிட்டு, அதற்குச் சற்றுக் கீழே ஒரு கோடு. ஆக்கும் செலவு அந்தக் கணக்கில் முதலாவதாக நிற்பதில்லை.

மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தாதே என்று கான்ட் 1785இல் எழுதினார். 'வெறும்' என்ற சொல்லில்தான் அந்த விதி தங்கியிருக்கிறது. எல்லோரும் எல்லோருக்கும் ஓரளவு கருவிதான். எமது கை இன்னொருவரின் சாப்பாட்டுக்குக் கருவி. 1951இல் பால்ரிமோரில் ஹென்றியெற்றா லக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கலங்களை அவரைக் கேட்காமலே எடுத்தார்கள். அந்தக் கலங்கள் இன்றும் உலகமெங்கும் பெருகுகின்றன. அவருடைய குடும்பத்தினர் ஒரு நிறுவனத்தோடு இணக்கத்துக்கு வர 2023 ஆயிற்று. அவரை வெறும் கருவியாக்கினார்கள் என்பதில் விவாதமில்லை. கியூபெக் நோயாளிகளைக் கேட்டார்கள். அவர்கள் கையெழுத்திட்டார்கள். படிவம் சரியாக இருந்தது. ஆனால் மருந்து முடிந்தபின் அவர்களைப்போன்றவர்களுக்கு அது எட்டாததானபோது, கையெழுத்து 'வெறும்' என்ற சொல்லை அழித்துவிட்டதா? அழிக்கவில்லை என்றே நாம் நினைக்கிறோம். சம்மதம் கேட்பது வாசலில் செய்யும் மரியாதை. பந்தியில் இலை போட்டார்களா என்பது வேறு விடயம். 2020இல் எமக்கு 'அத்தியாவசியத் தொழிலாளர்' என்று பெயர் வைத்தார்கள். அழகான பெயர். நெருக்கடி ஓய்ந்ததும் பெயரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

புழுவுக்காக ஒரு நாள் முழுவதும் வாதாடிய எமது சமையலறையில், விலையைப்பற்றி எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அக்கா கேட்ட 'தெரிஞ்சு போடுறது' என்பதில் எதைத் தெரிந்துகொள்வது என்ற பகுதியை எமது மரபு பெரும்பாலும் பிராணியோடு நிறுத்திக்கொண்டுவிட்டது. தட்டில் என்ன இருக்கிறதென்று பார்க்கப் பழகினோம், பந்தியில் எவர் இல்லையென்று பார்க்கப் பழகவில்லை. சாதி பார்த்துப் பந்தி வைத்த ஊர்க்காரர் நாம், அதனால்தானோ என்னவோ.

மார்க்கத்தின் தெற்கு எல்லை ஸ்ரீல்ஸ் வீதி. அதே வீதியில் மேற்கே, டவ்ரின் வீதிக்கு அருகில் ஒரு பெரிய மருந்து வளாகம் இருக்கிறது. இப்போது பிரெஞ்சு நிறுவனமான சனோபியினுடையது. 2017இல் அந்த நிறுவனம் பூச்சிக் கலத்தில் இன்புளுவென்சாத் தடுப்பூசி செய்யும் அமெரிக்க நிறுவனத்தை வாங்கியது. ஆனால் அந்த வளாகத்தின் பழைய பெயர் கொனோட் ஆய்வுகூடம்; ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் சொத்தாக இருந்தது. 1920களில் உலகுக்கு இன்சுலின் ஆக்கிக் கொடுத்த நிறுவனம் அதுதான். 1923இல் பான்ரிங், பெஸ்ற், கொலிப் ஆகிய மூவரும் இன்சுலின் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டொலருக்கு விற்றார்கள். முதல் இன்சுலின் மாடுகளினதும் பன்றிகளினதும் கணையத்திலிருந்து வந்தது. கசாப்புக் கடையில் வீசப்படும் துண்டு. அந்தப் பிராணிகளுக்குப் பட்ட கடனை எவ்வளவுக்குத் திருப்பலாமோ அவ்வளவுக்கு அந்த ஒரு டொலர் திருப்பியது என்று எமக்குத் தோன்றுகிறது. 1972இல் பல்கலைக்கழகம் கொனோட்டைக் கைவிட்டது. 1989இல் அது பிரெஞ்சுக் கைக்குப் போனது. ஒரு தலைமுறைக் காலம் பொதுச் சொத்தாக மருந்து செய்வது நடைமுறைக்கு ஒத்த காரியமாகத்தான் இருந்தது. கனவாக அல்ல, இந்த வீதியில், செங்கல் கட்டடத்தில்.

கிளைபெராவைப்பற்றி 2018இல் கனடிய ஒலிபரப்பு வெளிக்கொணர்ந்தபின், 2019இல் அரசின் தேசிய ஆராய்ச்சி மன்றம் அதைக் குறைந்த செலவில் மறுபடி ஆக்கிப் பார்க்கும் முயற்சியில் இறங்கியது. சாகுனேயில் நோயாளிகள் இன்றும் கொழுப்பைக் கிராமில் நிறுத்தே சாப்பிடுகிறார்கள். பரிசோதனையில் ஊசி போட்டுக்கொண்டவர்களின் கால் தசைகளில், படைப்புழுவின் கலத்தில் கட்டப்பட்ட வாகனங்கள் கொண்டுபோய் இறக்கிய அந்த அலகு தங்கியிருக்கிறது. அதைப் பெற்றவர்கள் சிலர் தமக்கு வலி குறைந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது தடவை போட்டுக்கொள்ள முடியாது. மருந்தும் இல்லை, இருந்தாலும் உடல் இப்போது அந்த வாகனத்தை அடையாளம் கண்டு வாசலிலேயே மறித்துவிடும்.